தெரியாதது மக்களுக்கா, நிறுவனத்துக்கா?

"நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் தெரியாது சார். பழகிட்டாங்கன்னா சரியாயிரும்." ஓர் இணையச் சேவை மக்களை அலைக்கழிக்கிறது என்று யார் புகார் சொன்னாலும் வருகிற பதில் இதுதான். அரசு அதிகாரி, வங்கி மேலாளர், மென்பொருள் நிறுவனத்தின் திட்டத் தலைவர், தொலைக்காட்சியில் பேச வருகிற நிபுணர் என எல்லோரும் இதையே சொல்கிறார்கள். கருத்தாகத் தொடங்கிய இது இப்போது கொள்கையாகவே ஆகிவிட்டது. இது தவறான கருத்து. தவறு என்பதோடு நில்லாமல், உழைத்தவர்களின் பணத்தை அவர்களுக்கே எட்டாமல் செய்கிற கருத்து.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனம் என்றால் பயனாளிகள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். ஒவ்வொருவரின் படிப்புக்கும் பழக்கத்துக்கும் ஏற்ற மாதிரி ஒரு திரையை வடிவமைக்க முடியாது. பொதுப்பணம் புழங்குகிற இடம் என்பதால் மோசடியைத் தடுக்கப் பல படிகள் தேவை. சட்டம் கேட்கிற விவரங்களை நிறுவனம் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே சிக்கலைத் தவிர்க்க முடியாது. மக்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம், இயலாதவர்களுக்கு இ-சேவை மையம் திறக்கலாம், அழகான புதிய செயலி ஒன்றை வெளியிடலாம். அடுத்த தலைமுறை வரும்போது இந்தப் பிரச்சினையே இருக்காது. இந்த வாதத்தில் பொறுப்புணர்வும் உண்டு, நல்லெண்ணமும் உண்டு. அதனால்தான் இத்தனை பேர் நம்புகிறார்கள்.

டெல்லியில் உட்கார்ந்து இதைச் சோதித்துப் பார்த்தால் பிழை தெரியாது. புளியங்குடிக்கு வாருங்கள்.

எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர் போன ஊர். ஆனால் புளியங்குடி, கடையநல்லூர், ஆலங்குளம், முக்கூடல் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளை ஓட்டுவது பீடி. அநேகமாக எல்லாம் பெண்களின் உழைப்பு. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 1977இல் பீடித் தொழில் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) சட்டத்துக்குள் வந்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுபவரும் தொழிலாளியே, அவருக்கும் பி.எஃப். உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. முதலாளிகள் நீதிமன்றம் வரை போய் எதிர்த்தும் நிலைத்த உரிமை அது. இன்று அந்த உரிமை ஒரு திரையின் முன்னால் வந்து நிற்கிறது.

பேச்சியம்மாள் என்று ஒருவரை நினைத்துக்கொள்வோம்; காலம் 2025க்குச் சற்று முன். இந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேச்சியம்மாள் உண்டு. அறுபதை நெருங்குகிற வயது. மடியில் சொளவை வைத்து, தகர அச்சுக்கு ஏற்ப இலையை வெட்டி, தூளைப் பரப்பி, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்து, சிறுவயதிலிருந்து பீடிக்கடைக்குக் கணக்குக் கொடுத்தவர். கூலியில் பி.எஃப். பிடித்தார்கள். கண் மங்கியதால் வேலையை விட்டார். இப்போது அந்தப் பணம் வேண்டும். கடைத்தெருவில் இ-சேவை மையம் வைத்திருக்கும் தம்பியிடம் போகிறார்.

"யம்மா, ஓடிபி வந்துச்சா?"

"அது மவன் போனுக்குல்லா வரும். அவன் திருப்பூர்ல கெடக்கான்."

"அப்பம் போனைப் போட்டு அந்த நம்பரைச் சொல்லச் சொல்லுங்க. பத்து நிமிசம்தான் இருக்கும்."

மகன் ஷிப்டில் இருக்கிறான், போனை எடுக்கவில்லை. மறுநாள் வருகிறார். ஓடிபி கிடைக்கிறது, விண்ணப்பம் போகிறது. சில நாள் கழித்து ஆங்கிலத்தில் ஒரு வரி: நிராகரிக்கப்பட்டது. பெயர் பொருந்தவில்லை. அதைச் சரிசெய்து மறுபடி போட்டால் பிறந்த தேதி பொருந்தவில்லை. அதையும் சரிசெய்தால் காசோலைப் படம் தெளிவாக இல்லை.

நான் கற்பனையாகச் சொன்னது ஒருவரை. நிஜத்தின் அளவு இது: 2022-23இல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்துக்கு இறுதித் தொகை கேட்டு வந்த விண்ணப்பங்கள் 73.87 லட்சம். நிராகரிக்கப்பட்டவை 24.93 லட்சம். மூன்றில் ஒன்று. 2017-18இல் இந்த விகிதம் சுமார் 13 சதவீதமாக இருந்தது. ஐந்தாண்டில் அது இரண்டரை மடங்காகிவிட்டது.

என் மறுப்புகள் இவை.

1. பேச்சியம்மாளுக்கு என்ன தெரியாமல் போனது?

தன் பெயர் அவருக்குத் தெரியும். எத்தனை வருடம் பீடி சுற்றினார், எந்தக் கடைக்குச் சுற்றினார் என்பது தெரியும். எந்த வங்கியில் கணக்கு என்பது தெரியும். தன் பணத்தைத் தான் கேட்பதற்கு ஒரு மனுஷிக்கு இதைவிட என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பொருந்தாமல் போன எதையும் அவர் எழுதவில்லை. கம்பெனிப் பேரேட்டில் அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் ஒரு கணக்குப்பிள்ளை. ஆதாரில் தட்டச்சு செய்தவர் முகாமுக்கு வந்த ஓர் இளைஞர். வங்கிப் புத்தகத்தில் எழுதியவர் ஒரு குமாஸ்தா. பேச்சியம்மாள் என்ற பெயரின் நடுவே ஒருவர் 'டி' என்ற ஆங்கில எழுத்தைச் சேர்ப்பார், ஒருவர் விடுவார். ஒருவர் 'ஒய்' போடுவார், ஒருவர் போடமாட்டார். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்த கம்பெனியில் இன்ஷியல் அப்பாவுடையது, பிறகு வாங்கிய ஆதாரில் புருஷனுடையது. ஒரு படிவம் இன்ஷியலை முன்னால் கேட்கும், ஒன்று பின்னால் கேட்கும், இன்னொன்று குடும்பப் பெயர் கேட்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இது யாருடைய அறியாமை? கோடிக்கணக்கானோர் பேசும் மொழியின் பெயர் வழக்கை அறியாமல் ஒரு கட்டத்தை வரைந்து அதைக் கட்டாயமாக்கியவரின் அறியாமை.

பிறந்த தேதியும் இப்படித்தான். சான்றிதழ் இல்லாதவர்கள் வயதைச் சொன்னார்கள். பதிவு செய்தவர்கள் ஜனவரி 1 என்று போட்டுக்கொண்டார்கள். கம்பெனிப் பேரேட்டில் வேறு ஒரு தேதி. இரண்டும் நிறுவனங்கள் போட்ட தேதிகள். இரண்டு நிறுவனங்களின் ஏடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்குப் பேச்சியம்மாள் கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தில் 2017இல் தொடங்கி 2024 மார்ச் வரை 6.39 கோடிப் பேருக்குப் பயிற்சி தரப்பட்டது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் பி.எஃப். நிராகரிப்பு 13 சதவீதத்திலிருந்து 34 சதவீதத்துக்கு ஏறியது. ஒன்றால் மற்றது நடந்தது என்று நான் சொல்லவில்லை. பயிற்சி தொடாத இடத்தில் நோய் இருக்கிறது என்று சொல்கிறேன்.

2. படித்தவர்கள் தடுமாறும்போது என்ன சொல்வீர்கள்?

2021 ஜூன் 7 அன்று வருமான வரித் துறையின் புதிய இணையதளம் திறக்கப்பட்டது. கட்டியது இன்ஃபோசிஸ். திட்டத்தின் மொத்த மதிப்பு 4,242 கோடி ரூபாய். அதைப் பயன்படுத்த வந்தவர்கள் பீடி சுற்றும் பெண்கள் இல்லை, நாட்டின் தணிக்கையாளர்கள். வாழ்நாள் முழுவதும் வரிப் படிவங்களோடு புழங்குகிறவர்கள். அவர்களே வாரக்கணக்கில் திண்டாடினார்கள். ஆகஸ்ட்டில் நிதியமைச்சர் அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை நேரில் அழைத்து விளக்கம் கேட்கும் நிலை வந்தது. தணிக்கையாளர்களுக்கு டிஜிட்டல் எழுத்தறிவு வகுப்பு எடுக்கலாம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. தளம் சரியில்லை என்றார்கள், சரிசெய்யச் சொன்னார்கள். தடுமாறுகிறவர் கோட் போட்டிருந்தால் தளத்தின் குற்றம், கண்டாங்கி கட்டியிருந்தால் ஆளின் குற்றம் என்பதுதான் நம் அளவுகோலா?

இதைவிடப் பெரிய சான்று நியூயார்க்கில் இருக்கிறது. 2020 ஆகஸ்ட்டில் சிட்டி வங்கி, ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. போனது ஏறக்குறைய 90 கோடி டாலர். அசல் தொகை முழுவதும் தவறுதலாக வெளியேறிவிட்டது. காரணம், ஒரே திரையில் இருந்த மூன்று கட்டங்கள். அசல் வெளியே போகாமல் வங்கியின் உள்கணக்கிலேயே நிற்க வேண்டுமானால் மூன்றிலும் குறியிட வேண்டும். ஊழியர் ஒன்றில் மட்டும் குறியிட்டார். அந்த ஒன்றே போதும் என்றுதான் திரையைப் பார்க்கிற எவருக்கும் தோன்றும். அவருக்கு மேலே இரண்டு பேர் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். மூவரும் அந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள். பணத்தைத் திரும்பப் பெற வங்கி 2022 வரை நீதிமன்றத்தில் அலைந்தது.

அமெரிக்காவில் 1979இல் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்துக்குப் பிறகு, கட்டுப்பாட்டு அறையை ஆராயப் போனவர்களில் டொனால்ட் நார்மன் ஒருவர். இயக்கியவர்களைக் குறை சொல்வது எளிது, அந்த அறையின் விளக்குகளும் விசைகளும் பிழையை வரவேற்கும்படி அமைந்திருந்தன என்பதே அவருக்குக் கிடைத்த பாடம். பயனர் அனுபவம் என்ற துறைக்குப் பெயர் பரவியதே அவரால்தான். அந்தத் துறை பிறந்ததே ஆளைப் பழிப்பதை நிறுத்துவதற்காக. நம் ஊரில் அந்தத் துறையின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஆளைப் பழிக்கிறோம்.

3. கோடிக்கணக்கானோருக்கு ஏற்ற வடிவமைப்பு சாத்தியமில்லையா?

இந்த நாட்டில் இதைச் சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. 2024 மக்களவைத் தேர்தலில் 64 கோடிப் பேர் ஓர் இயந்திரத்தின் முன் தனியாக நின்று, யார் உதவியும் இல்லாமல், தங்கள் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தார்கள்.

அந்த இயந்திரத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பெயர், சின்னம், பக்கத்தில் ஒரு நீலப் பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது, நீளமாக ஒரு பீப் சத்தம் கேட்கிறது. அழுத்தியதைக் கண்ணும் உறுதி செய்கிறது, காதும் உறுதி செய்கிறது. ஒரு பொறியில் பதினாறு வரிசை, அதற்கு மேல் வேண்டுமானால் இன்னொரு பொறி. கடவுச்சொல் கிடையாது, பத்து நிமிடக் கெடு கிடையாது. அடையாளம் சரிபார்க்கும் வேலை முழுவதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அலுவலர் தலையில். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் இந்த இயந்திரத்தின் உருவாக்கத்தை மேற்பார்வையிட்டவர் எஸ். ரங்கராஜன். நமக்கு எழுத்தாளர் சுஜாதா. 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் முதன்முதலாகப் பயன்பட்டது, 2004 பொதுத்தேர்தலில் நாடு முழுக்க வந்துவிட்டது.

இது ஓர் அரசுப் பெருநிறுவனத்தால் எப்படி முடிந்தது? விதை முன்னாலேயே போடப்பட்டிருந்தது. 1951இல் நாட்டின் எழுத்தறிவு 18 சதவீதம். மக்கள் படித்த பிறகு வாக்குரிமை தரலாம் என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். தேர்தல் ஆணையம் அவர்களைக் கேட்கவில்லை. சின்னத்தைக் கொண்டுவந்தது, முதல் தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்தது. படிக்காத மக்கள் என்பதை அது சாக்காகக் கொள்ளவில்லை, வேலையின் நிபந்தனையாக எடுத்துக்கொண்டது. நான் கேட்பது அந்த மனநிலையை மட்டும்தான்.

சந்தைக்குள்ளும் சான்று இருக்கிறது. புளியங்குடி எலுமிச்சைச் சந்தையை ஒட்டிய டீக்கடையில் ஒரு சின்னப் பெட்டி "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் குரல் கொடுக்கிறது. டீ ஆற்றுகிறவருக்கு இரண்டு கையும் ஈரம். போனை எடுத்துக் குறுஞ்செய்தி பார்க்க நேரமில்லை. அதைப் புரிந்துகொண்டு யாரோ அந்தப் பெட்டியைச் செய்தார்கள். அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் யுபிஐ பணப்பரிமாற்ற முறை 2016இல் வந்தது. டீக்கடைக்காரருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை, மாலையில் கல்லாவை எண்ணும்போது குழப்பமும் இல்லை. இதே ஜனங்கள்தான். இவர்களைத்தான் தெரியாதவர்கள் என்கிறீர்கள்.

4. படிகளைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்பது பொய்.

மோசடி உண்மையானது, அதைத் தடுப்பது நிறுவனத்தின் கடமை. ஏழு கோடிக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பை வைத்திருக்கும் இடம் அலட்சியமாக இருக்க முடியாது. இதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கடினமான படி ஒவ்வொன்றும் நிஜத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி விளம்பரம் செய்கிறது. பேச்சியம்மாளின் மகன் திருப்பூரிலிருந்து அதைச் சத்தமாகச் சொல்ல, கடைத்தெருவே கேட்கிறது. கடவுச்சொல்லை அவர் நினைவில் வைக்க முடியாது என்பதால் அது மையத்தின் நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே நோட்டில் தெருவுக்கே உரிய கடவுச்சொற்கள். சிலருக்குப் பதிவு செய்த கைபேசி எண்ணே மையம் நடத்துபவருடையது. அந்தத் தம்பி நல்லவனாக இருப்பதால் பணம் பத்திரமாக இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு ஏற்பாடு ஒரு தனிமனிதனின் நல்ல மனதை நம்பி நிற்பதற்குக் காரணம், அந்தப் படிகளை வகுத்தவர்கள் அவற்றை ஏறுகிறவரை நினைத்துப் பார்க்காததுதான்.

ரேகையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஐம்பது வருடம் இலையும் நூலும் தூளும் உரசிய விரலில் ரேகை தேய்ந்துவிடும். ரேஷன் கடையில் கருவி பேச்சியம்மாளைப் பேச்சியம்மாள் இல்லை என்கிறது. விரலைத் துடைக்கச் சொல்கிறார்கள், தண்ணீர் தொடச் சொல்கிறார்கள், வேறு விரலை வைக்கச் சொல்கிறார்கள். எந்த உழைப்புக்காக அந்தப் பி.எஃப். கணக்கு தொடங்கப்பட்டதோ அதே உழைப்பு அவரை அடையாளமற்றவராக ஆக்குகிறது. தேய்ந்த ரேகைக்கு எந்தப் பயிற்சி வகுப்பை நடத்துவீர்கள்?

5. இ-சேவை மையம் பிரச்சினையைத் தீர்க்கவில்லை, மறைக்கிறது.

மையத்தை நடத்துபவர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் இந்த வட்டாரத்தில் பாதி விண்ணப்பம் போகாது. ஆனால் அவர்கள் செய்யும் வேலையை டெல்லியிலோ சென்னையிலோ இருக்கும் வடிவமைப்பாளர் எப்படிப் பார்க்கிறார்? விண்ணப்பம் இணையத்தில் வந்தது என்று பார்க்கிறார். நூற்றுக்கு நூறு டிஜிட்டல் என்று அறிக்கை எழுதப்படுகிறது. பஸ் கட்டணம், மையக் கட்டணம், துணைக்கு வந்தவர் அன்றைக்கு இழந்த கூலி, மகனின் அரைநாள் சம்பளம் எதுவும் அந்த அறிக்கையில் ஏறாது. நிராகரிப்பு கூட, மறுபடி போட்டதும் ஒரு புதிய விண்ணப்பமாகி எண்ணிக்கையைக் கூட்டுகிறது. பெருநிறுவனத்தில் வடிவமைப்பின் மூல நோய் இதுதான்: வலி ஓர் இடத்தில், அதை நீக்கும் அதிகாரம் இன்னோர் இடத்தில், இரண்டுக்கும் நடுவே செய்தி போகிற வழி கிடையாது.

6. புதிய செயலி வந்தால் சரியாகும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை.

இது என் பக்கத்தில் நிற்பதாக நினைக்கிறவர்களுக்கு. நல்ல வடிவமைப்பாளர்களைச் சேர்த்தால் போதும், நிறம், எழுத்துரு, பொத்தான்களை மாற்றினால் போதும் என்று நம்புகிறார்கள். திறமைக்கு இங்கே பஞ்சமே இல்லை. புளியங்குடியிலிருந்து பஸ் ஏறினால் தென்காசி, அதைத் தாண்டினால் மத்தளம்பாறை. 2011 முதல் ஜோஹோ அங்கே உலகத்துக்கு மென்பொருள் செய்து அனுப்புகிறது. இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எந்த நாட்டுப் பயனருக்கும் ஏற்ற திரையை வரைவார்கள். பணமும் பிரச்சினை இல்லை என்பதை வருமான வரித் தளத்தின் 4,242 கோடி சொல்லிவிட்டது.

மெல்வின் கான்வே என்ற அமெரிக்கக் கணினியாளர் 1968இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நிறுவனம் வடிவமைக்கும் எதுவும் அந்த நிறுவனத்தின் உட்பிரிவுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதத்தையே அச்சாகப் பிரதிபலிக்கும் என்பது அதன் சாரம். விவசாயிகளுக்கு நடந்ததில் இதைப் பார்க்கலாம். உழவன் செயலி 2018இல் வந்தது. பி.எம். கிசான் உதவித்தொகைத் திட்டம் 2019இல். தமிழ்நாட்டு உழவர் பதிவுத் தளம் 2023இல். மத்திய அரசின் உழவர் அடையாள எண் பதிவு தமிழ்நாட்டுக்கு 2025இல். புளியங்குடி எலுமிச்சை விவசாயி ஒவ்வொன்றிலும் தன் பெயரையும் விவரங்களையும் மறுபடி கொடுக்கிறார். பட்டா தமிழில் இருக்கிறது, ஆதார் ஆங்கிலத்தில் ஒப்பிடப்படுகிறது. அவர் நிலம் ஒன்றுதான். பதிவுகள் நாலு. அவர் கண்ணில் தெரிகிற நாலு திரைகள் அவற்றைக் கட்டிய பிரிவுகளின் சுவர்கள். சுவருக்கு நல்ல வண்ணம் அடித்தால் கதவு வந்துவிடாது.

பெருநிறுவனத்தில் ஒரு கட்டத்தைச் சேர்க்க எவராலும் முடியும். சட்டப் பிரிவு ஒன்று சேர்க்கும், கணக்குப் பிரிவு ஒன்று, தணிக்கை ஆட்சேபம் வந்தால் இன்னொன்று. நீக்குவதற்கு எவருக்கும் அதிகாரமில்லை. நீக்கினால் நாளை ஏதாவது நடந்து பழி வந்துவிடும் என்ற பயம். திரையை ஒப்புக்கொள்கிற அதிகாரி விதிகளை மனப்பாடமாக அறிந்தவர், அவருக்கு எல்லாம் தெளிவாகவே தெரியும். மென்பொருளை வாங்குகிறவர் அதைப் பயன்படுத்துகிறவர் இல்லை. ஒப்பந்தப்புள்ளியில் எத்தனை வசதிகள் என்று எழுதியிருக்கும், எத்தனை பேர் முதல் தடவையிலேயே வேலையை முடிக்க வேண்டும் என்று எழுதியிருக்காது. வடிவமைப்பாளரைக் கடைசியில்தான் கூப்பிடுகிறார்கள், அதற்குள் முடிவு எல்லாம் எடுத்தாகிவிட்டது. தனியார் வங்கியிலும் இதே கதைதான், அரசுக்கு மட்டும் உரியதில்லை.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2010இல் மார்த்தா லேன் ஃபாக்ஸ் என்ற இணையத் தொழில்முனைவர் அரசின் இணையச் சேவைகள் பற்றி அரசுக்குப் பரிந்துரை எழுதினார். 2011இல் அரசு டிஜிட்டல் சேவைப் பிரிவு உருவானது. 2012 அக்டோபரில் துறைகளின் தனித்தனித் தளங்களுக்கு மாற்றாக ஒரே தளம் திறந்தது. அந்தப் பிரிவு வென்றதற்கு அழகுணர்ச்சி காரணமில்லை. துறைகளின் தளங்களை மூடவும், தகுதி பெறாத சேவையைத் திறக்க விடாமல் நிறுத்தவும் அதற்கு அதிகாரம் இருந்தது.

இவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. என் வாதத்துக்கு மிகப் பெரிய சாட்சி பி.எஃப். நிறுவனமே. 2025 ஜனவரியில், ஆதாரோடு சரிபார்க்கப்பட்ட கணக்குகளில் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை உறுப்பினரே திருத்திக்கொள்ளலாம் என்று அறிவித்தது. 2025 ஏப்ரலில் காசோலைப் படமோ பாஸ்புக் படமோ பதிவேற்ற வேண்டியதில்லை என்று நீக்கியது. சொன்ன காரணம், வங்கிக் கணக்கை இணைக்கும்போதே பெயர் சரிபார்க்கப்பட்டுவிடுகிறது, படம் தேவையில்லை என்பது. 2025 அக்டோபரில், பகுதித் தொகை எடுப்பதற்கு இருந்த 13 விதிகளை மூன்று வகைக்குள் அடக்க அதன் அறங்காவலர் வாரியம் முடிவெடுத்தது.

இந்த அறிவிப்புகளை எதிர்த்தரப்பின் கொள்கையோடு வைத்துப் படியுங்கள். மக்களுக்கு ஒரு வகுப்புகூட எடுக்கப்படவில்லை. ஒரு விதி நீக்கப்பட்டது, அதனால் ஒரு நிராகரிப்புக் காரணம் மறைந்தது. படம் தேவையில்லை என்றால் அதுவரை மங்கலான படத்துக்காகத் திருப்பியனுப்பப்பட்டவர்கள் எதற்காகத் திரும்பினார்கள்? தேவையில்லாத ஒன்றுக்காக. பதின்மூன்று விதிகளை மூன்றாக்க முடியும் என்றால் பதின்மூன்றையும் புரிந்துகொள்ளாத பேச்சியம்மாளைத் தெரியாதவர் என்றது எந்த நியாயம்? இந்தச் சீர்திருத்தங்களை நான் முழுமனதோடு பாராட்டுகிறேன். அவை ஒப்புதல் வாக்குமூலங்களும்கூட. பத்தாண்டு முன்னால் வந்திருக்கலாம். வராததற்குக் காரணம், குற்றம் வெளியே இருக்கிறது என்று உள்ளே இருந்தவர்கள் நம்பியதுதான்.

பயிற்சிக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. போலி அழைப்பை அடையாளம் காணவும், தன் கணக்கைத் தானே பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். நிறுவனத்தின் உட்சிக்கலைச் சுமக்க மட்டும் கற்றுக்கொடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு பெரிய சேவையும் தன் நிராகரிப்பு விகிதத்தையும் முதல் பத்துக் காரணங்களையும் மாதாமாதம் முகப்புப் பக்கத்திலேயே வெளியிட வேண்டும். ஒரு காரணத்தால் நிராகரிப்பு தொடர்ந்து வந்தால், அந்த விதியை வைத்திருக்கும் பிரிவு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். இரண்டு அரசு ஏடுகள் முரண்பட்டால் அதைத் தீர்க்கும் பாரம் ஏடு வைத்திருப்பவர்கள் மேல் விழ வேண்டும். திரைக்கு ஒப்புதல் தரும் அதிகாரி ஆண்டுக்கு ஒருமுறையாவது புளியங்குடி மாதிரி ஓர் ஊரின் மையத்தில் ஒருநாள் முழுக்க உட்கார வேண்டும்.

இந்த வட்டாரத்தில் மையம் நடத்தும் தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். திருப்பி வருகிற ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காரணத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெயர் வேண்டாம், எண் வேண்டாம், தேதியும் காரணமும் போதும். 2023 ஜனவரி முதல் ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி பி.எஃப். நிறுவனம் மாவட்டந்தோறும் குறைகேட்பு முகாம் நடத்துகிறது. அந்த நோட்டின் நகலைத் தென்காசி முகாமில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.